மறுத்து விலகுவதா, முன்வந்து பதிவதா?

உதவியுடனான மரணம், அதாவது தீராத நோயில் தானே கேட்பவரின் உயிரை மருந்தால் முடிக்க மருத்துவர் உதவுவது, சட்டமான நாடுகளில் செவிலியரின் மனச்சாட்சிக்கு என்ன காப்பு என்று, புதுச்சேரியில் பட்டம் முடித்து வெளிநாட்டு வேலை தேடும் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தியாவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளவே வழிவிட்டது. மருந்து செலுத்தி உயிரை முடிப்பது இன்றும் குற்றம்தான்.

தெரிவு: செவிலியரை இதற்கு அழைக்க இரு முறைகள். முதலாவதான மறுப்புரிமை முறையில் எல்லோரும் பங்கேற்பவராகக் கருதப்படுவர், வேண்டாதவரே வாய்திறந்து விலக வேண்டும். இரண்டாவதான பதிவு முறையில் பயிற்சி பெற்றுப் பெயர் கொடுத்தவர் மட்டும் அழைக்கப்படுவர்.

பாதுகாப்பு: நியூசிலாந்தின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சாட்சியின் பேரில் மறுப்பவருக்கு வேலையையோ சலுகையையோ நிறுவனம் மறுக்கக் கூடாது என்கிறது. தாளில் இது உறுதியானது. ஆனால் இரண்டே பேர் இருக்கும் இரவுப் பணியில், நேற்றுச் சேர்ந்த பெண் மேற்பார்வையாளரிடம் "என்னால் இயலாது" என்று சொல்வது எளிதன்று. பதிவு முறையில் அந்தப் பேச்சே எழாது. எனினும் நரம்பில் ஊசிக்குழாய் பொருத்துவதும், பின்னர் உடலைத் துடைத்துக் குடும்பத்திடம் ஒப்படைப்பதும் பங்கேற்பா, வழக்கமான பராமரிப்பா என்பதை எந்த முறையானாலும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். சச்சரவு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும்.

நோயாளிக்கு: முதல் முறையில் காத்திருப்பு குறையலாம், இரண்டாவதில் ஆள் கிடைக்காமல் நீளலாம்.

ஆள் குறைந்த சிற்றூர் மருத்துவமனைக்கு மறுப்புரிமை முறை பொருந்தும். புதிதாகப் பணியில் சேர்பவருக்கும், தம் விசா, வேலை தரும் நிறுவனத்தின் கையில் இருப்பவருக்கும் பதிவு முறையே என் பரிந்துரை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மறுப்பை எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளலாம்.