சீலெவல் 709: மோட்டார்ஹோம் டேங்க் மானிட்டரைப் பொருத்துவதும் அளவு சரிபார்ப்பதும்

வட அமெரிக்க மோட்டார்ஹோம்களில், அதாவது குடியிருக்கும் வசதியுள்ள வண்டிகளில், வண்டியோடு வரும் டேங்க் மீட்டரை நம்புகிறவர்கள் குறைவு. கழிவறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கைக் காலி செய்து, கழுவி, வால்வை மூடிவிட்டு வந்து பொத்தானை அமுக்கினால், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருப்பதாக விளக்கு எரியும். பேனல் கெட்டுவிட்டது என்று பலர் அதை மாற்றுகிறார்கள். புதுப் பேனலிலும் அதே விளக்குதான் எரியும். ஏனென்றால் கோளாறு பேனலில் இல்லை, டேங்கின் சுவரில் இருக்கிறது.

பழைய முறையில் டேங்கின் பக்கவாட்டில் துளையிட்டு, ரப்பர் நட்டு வைத்து, மூன்று நான்கு உலோக போல்ட்டுகளை உள்ளே நீட்டியிருப்பார்கள். தண்ணீர் ஏறி ஒரு போல்ட்டைத் தொட்டதும், அதற்கும் அடியிலுள்ள போல்ட்டுக்கும் நடுவே சிறிது மின்சாரம் ஓடும், அந்தந்த விளக்கு எரியும். சுத்தமான தண்ணீருக்கு இது ஓரளவு போதும். கழிவு டேங்கிலோ சோப்புப் படலம், எண்ணெய்ப் பிசுக்கு, காகிதம் எல்லாம் சுவரில் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டேங்க் காலியானாலும் அந்த ஈரப் படலம் வழியே மின்சாரம் ஓடும். சுவரைத் தேய்க்கட்டும் என்று டேங்குக்குள் ஐஸ்கட்டி போட்டு வண்டியை ஓட்டினாலும், மருந்து ஊற்றினாலும் தீர்வு சில வாரங்களுக்குத்தான்.

கார்னெட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் சீலெவல் 709 இந்தச் சிக்கலை வெளியே இருந்து தீர்க்கிறது. எண்ணெய் லாரிகளுக்கு அளவுமானி செய்துவந்த நிறுவனம் அது. டேங்கின் வெளிச்சுவரில் செங்குத்தாக ஒரு மெல்லிய மின்சுற்றுப் பட்டையை ஒட்டுகிறோம். துளை கிடையாது, கழிவைத் தொடும் பாகமும் கிடையாது. பட்டையில் மேலிருந்து கீழாக வரிசையாகச் சிறு தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு எதிரே சுவருக்கு அப்பால் இருப்பது காற்றா தண்ணீரா என்பதை மின்தேக்கத் திறனை வைத்துக் கண்டுபிடிக்கிறது. ஒரு பொருள் இந்தத் திறனை எத்தனை மடங்காக்குகிறது என்று சொல்லும் மின்காப்பு மாறிலி காற்றுக்கு 1, டேங்கின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனுக்கு இரண்டுக்குச் சற்று மேல், தண்ணீருக்கோ ஏறத்தாழ 80. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் சுவரில் ஒட்டிய மெல்லிய அழுக்கு பட்டையை ஏமாற்றாது. ஒரு விரல் தடிமனுக்கு இறுகிப்போன சேறு மட்டும் தண்ணீராகவே தெரியும். அந்த நிலைக்குப் போன டேங்கை முதலில் கழுவ வேண்டும்.

பேனலில் சதவீதம் எண்ணாக வருகிறது. பேட்டரி வோல்டேஜும் எல்பிஜி அளவும் அதே பேனலில். பம்ப் சுவிட்ச் உள்ள வகை, புளூடூத் உள்ள வகை, ஆர்விசி (வண்டிக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் தரவு ஒயர்) இணைப்புள்ள வகை என்று தனித்தனியாகக் கிடைக்கின்றன. பழைய பேனலிலேயே பம்ப் சுவிட்ச் இருந்தால் அது உள்ள வகையையே வாங்குங்கள். இல்லாவிட்டால் சுவிட்சுக்குத் தனியாகச் சுவரை வெட்ட வேண்டிவரும்.

வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தே தீர வேண்டியவை உண்டு. டேங்க் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். உலோக டேங்கில் இது அறவே வேலை செய்யாது. சுவர் எட்டில் மூன்று இன்ச்சுக்கு, அதாவது 9.5 மில்லிமீட்டருக்கு, மேல் தடிமனாக இருக்கக் கூடாது. பட்டைக்கு எதிரே, பக்கத்தில், ஓர் இன்ச்சுக்குள் சேசிஸ் இரும்போ தாங்கு பட்டையோ இருக்கக் கூடாது. மேலிருந்து கீழ்வரை தட்டையான, விலா வரிகள் இல்லாத ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குக் கையும் போக வேண்டும். டேங்க் அடிமூடிக்கும் வண்டியின் தரைத்தளத்துக்கும் நடுவே சிக்கியிருக்கும் வண்டிகளில் செலவு மீட்டருக்கு ஆவதைவிட மூடியைக் கழற்றி மாட்டுவதற்கே அதிகமாகும். அடியில் படுத்து வேலை செய்யும்போது வண்டியின் ஹைட்ராலிக் ஜாக்குகளை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு வைத்துத்தான்.

இடத் தேர்வில்தான் பாதி வெற்றி. 120 சென்டிமீட்டர் நீளமுள்ள டேங்க் இரண்டு டிகிரி சாய்ந்து நின்றால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நீர்மட்டத்தில் நாலு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். டேங்கின் உயரம் 25 சென்டிமீட்டர் என்றால், முனையில் ஒட்டிய பட்டை எட்டு சதவீதம் தவறாகக் காட்டும். நீண்ட பக்கத்தின் நடுவில் ஒட்டினால் சாய்வு எந்தப் பக்கம் இருந்தாலும் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும். பிளாக் டேங்கில் கழிவறைக் குழாய் இறங்கும் இடத்துக்கு நேராக ஒட்ட வேண்டாம், அங்கே குவியல் சேரும். பழைய போல்ட்டுகளைக் கழற்றாதீர்கள். அவைதான் அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒயரை மட்டும் பிரித்துவிட்டு, பட்டையை அவற்றிலிருந்து தள்ளி ஒட்டுங்கள்.

பட்டையின் நீளம் சுமார் 12 இன்ச். உயரம் குறைந்த டேங்குக்கு அதைக் குறித்த கோட்டில் வெட்டிக்கொள்ளலாம். மின்பாகங்கள் இருக்கும் முனையை வெட்டக் கூடாது, தகட்டின் நடுவிலும் வெட்டக் கூடாது. வெட்டிய விளிம்பில் சிலிகான் பூசி மூட வேண்டும். இதை விட்டவர்களுக்கு ஒரு மழைக்காலம் கழிந்ததும் அளவு தாறுமாறாகத் தாவும், காரணம் உள்ளே நுழைந்த ஈரம். உயரமான டேங்குக்கு இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பட்டையிலும் உடைத்து எடுக்கும் சிறு நாக்குகள் உண்டு. எது நல்ல தண்ணீர், எது கிரே (குளியல், பாத்திரம் கழுவிய நீர்), எது பிளாக் என்பதை அவைதான் சொல்கின்றன. எல்லாப் பட்டைகளும் ஒரே ஒயரில் பேசுவதால், இரண்டு பட்டைகளில் ஒரே நாக்கை உடைத்தால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். பெட்டியிலுள்ள தாளைப் பார்த்து உடைத்ததும், பட்டையின் மேல் மார்க்கரால் டேங்கின் பெயரை எழுதிவிடுங்கள். அடியில் படுத்திருக்கும்போது அந்த எழுத்துதான் துணை.

ஒட்டுவதற்கு முன் ஒரு ஒத்திகை கட்டாயம். டேங்கைப் பாதி நிரப்பி, பட்டையைச் சாதாரண பெயின்ட் டேப்பால் இறுக்கமாகப் பிடிக்க வைத்து, ஒயரைத் தற்காலிகமாக முறுக்கி இணைத்து, பேனலில் எண் வருகிறதா என்று பாருங்கள். எண் நிலையாக நின்றால் அந்த இடம் சரி. பசை பிடித்த பிறகு பட்டையை உரித்தால் அது பிழைப்பது அரிது.

பாலிஎத்திலீனில் பசை எளிதில் ஒட்டாது. சோப்பு நீரால் கழுவி, காய்ந்த பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அதுவும் ஆவியான பிறகே ஒட்ட வேண்டும். குளிர்நாளில் டேங்கில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பிச் சுவரைச் சூடாக்கிக்கொள்வது நல்லது. மேலிருந்து கீழாகக் காற்று அடைபடாமல் அழுத்துங்கள். காற்றுக்குமிழ் இருக்கும் இடத்தில் தகடு தண்ணீரைப் பார்க்காது. ஓரங்களை நல்ல துணி டேப்பால் மூடலாம். அலுமினிய டேப் மட்டும் வேண்டாம், அதுவும் உலோகம்தான்.

ஒயரிங் எளிது. பேனலுக்கு 12 வோல்ட் சிவப்பு, தரைக்கு (எர்த்) கறுப்பு, பட்டைகளுக்கு நீலம். பட்டையிலிருந்து வருவதும் கறுப்பு, நீலம் என்று இரண்டே ஒயர்கள். பழைய போல்ட்டுகளுக்குப் போன ஒயர்களில் இரண்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் முதலில் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். பழைய பேனலின் மின்தடைகள் டேங்குக்குப் பக்கத்திலேயே ஒயரோடு மறைந்திருக்கக்கூடும், அவற்றை வெட்டி எறிய வேண்டும். கறுப்பு ஒயரைத் துருப்பிடித்த சேசிஸில் திருகாமல் பேனலின் தரை ஒயரோடு கொண்டு சேர்ப்பது நம்பகமானது. அடியில் வரும் எல்லா இணைப்புகளுக்கும் உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் கிரிம்ப்தான் வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு தெருத் தண்ணீருக்கு ஒரு வருடம்கூடத் தாங்காது. பேனல் "ஓபிஎன்" என்று காட்டினால் அந்தப் பட்டை அதன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம் இந்த இணைப்புகளில் ஒன்றாகவோ தவறாக உடைத்த நாக்காகவோ இருக்கும். பட்டையைச் சந்தேகிப்பது கடைசியில்.

அளவு சரிபார்ப்பில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். பேனல் காட்டும் சதவீதம் உயரம், லிட்டர் அல்ல. பெட்டி போல நேராக இருக்கும் டேங்கில் இரண்டும் ஒன்றே. அச்சுக்கு இடம்விட்டு அடிப்பகுதி குறுகிய டேங்கில் அப்படியில்லை. 150 லிட்டர் டேங்க், உயரம் 12 இன்ச், அடியிலுள்ள நாலு இன்ச்சின் பரப்பு மேற்பகுதியில் பாதி என்று வைத்துக்கொள்வோம். பேனல் 50 காட்டும்போது உள்ளே இருப்பது 60 லிட்டர். 33 காட்டும்போது 50 இருக்கும் என்று மனக்கணக்குப் போடுவோம், இருப்பது 30. மின்சாரமோ குழாயோ இல்லாத முகாமில் இரண்டு பேருக்கு அந்த 20 லிட்டர் ஒரு நாள் தண்ணீர்.

ஆகவே ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். வண்டியை மட்டப்பலகை வைத்து இரு திசையிலும் மட்டமாக நிறுத்துங்கள். குழாயில் மாட்டும் டிஜிட்டல் நீர்மானியை முதலில் 20 லிட்டர் வாளியால் சோதியுங்கள், மலிவானவை நன்றாகவே பிழை காட்டும். நல்ல தண்ணீர் டேங்கில் பம்ப் காற்றை இழுக்கும்வரை தண்ணீரை எடுத்துவிடுங்கள். அப்போது பேனலில் ஐந்தோ ஏழோ நிற்கலாம், உங்களுக்கு அதுதான் பூஜ்யம். உறிஞ்சு குழாய்க்குக் கீழே இருக்கும் தண்ணீர் கணக்கில் சேராது. பிறகு பத்துப் பத்து லிட்டராக நிரப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் அலை அடங்கவிட்டு எண்ணைக் குறியுங்கள். காற்றுக்குழாய் வழியே தண்ணீர் வழியும்போது பேனல் 100 காட்டாவிட்டால் அது கோளாறு அல்ல, காற்றுக்குழாயின் வாய் பட்டையின் தலைக்குக் கீழே இருக்கிறது. கிரே டேங்குக்கு வால்வை மூடி, பாத்திரம் கழுவும் தொட்டிவழியே வாளியால் அளந்து ஊற்றுங்கள். பிளாக் டேங்குக்கும் அதேபோல் கழிவறைவழியே. கிரே டேங்கில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: குளியல் தொட்டியின் வடிகாலில் தண்ணீர் எதிர்த்து ஏறும் புள்ளி. பல வண்டிகளில் அது 100-க்கு முன்பே வந்துவிடும். பட்டியலை அச்சிட்டுப் பேனலுக்குப் பக்கத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், எடைக் கணக்குக்கும் அதுவே உதவும். லிட்டருக்கு ஒரு கிலோ.

எல்பிஜி இதிலிருந்து வேறு. மோட்டார்ஹோமில் நிரந்தரமாகப் பொருத்திய எரிவாயு டேங்கில் ஏற்கெனவே மிதவை அளவி இருக்கும். பேனல் அதன் மின்தடையைத்தான் படிக்கிறது. எரிவாயு விரிவதற்கு இடம் வேண்டுமென்பதால் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டார்கள். பேனல் காட்டுவதை டேங்கின் மேலுள்ள முள்ளோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஒத்திருந்தால் போதும்.

இந்தக் கருவியின் உண்மையான குறை, கோணல் டேங்குக்குப் பல புள்ளி அளவு அட்டவணையைப் பேனலுக்குள்ளேயே பதிய முடியாததுதான். நல்ல தண்ணீர் டேங்க் மிகவும் கோணலாக இருந்து, வண்டியில் விக்ட்ரான் செர்போ ஜிஎக்ஸ் (பேட்டரி, டேங்க் விவரங்களைத் திரட்டித் திரையில் காட்டும் கருவி) ஏற்கெனவே இருந்தால், அந்த ஒரு டேங்குக்கு மட்டும் மின்தடை மிதவை வைத்து செர்போவில் டேங்கின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாகப் பதிவதை நாங்கள் பரிந்துரைப்போம். அமெரிக்க அளவிகளுக்கு 240 முதல் 30 ஓம், ஐரோப்பிய அளவிகளுக்கு 0 முதல் 180 ஓம் என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், தவறினால் எண் தலைகீழாக ஓடும். பிளாக் டேங்கில் மிதவை வைக்கவே வேண்டாம், முதல் வாரத்திலேயே காகிதம் சுற்றி நின்றுவிடும். கிரே, பிளாக் இரண்டுக்கும் வெளியே ஒட்டும் இந்தப் பட்டையைவிட நல்லதை நாங்கள் பார்க்கவில்லை. ஆர்விசி இணைப்புள்ள 709-ஐ வாங்கினால் அந்த எண்கள் செர்போ திரையிலும் வந்துவிடும்.