பூனையைத் தொடாமலே "முழுப் பரிசோதனை" என்று பில் போட்டார்கள்: ஓர் எச்சரிக்கை

நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் மீனு இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம், இரண்டாவதாகப் போன மருத்துவமனையில் ஒரு டாக்டர் அவள் நாக்கைத் தூக்கிப் பார்த்ததுதான். முதலில் போன கிளினிக்கில் யாரும் அவள் வாயைத் திறக்கவே இல்லை. திறந்து பார்த்ததாக எழுதி மட்டும் வைத்திருந்தார்கள். கிளினிக்கின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே போல எங்கும் நடக்கலாம் என்பதால், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். முதலில் தின்றது வந்தது, அப்புறம் நுரை, அப்புறம் மஞ்சளாகத் தண்ணீர். சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அலமாரிக்கு அடியில் போய், கால்களை உடம்புக்குக் கீழே மடக்கிக் குறுகி உட்கார்ந்துகொண்டாள். சும்மா இருக்கும்போதே எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொன்னேன். வாந்தியின் போட்டோவையும் காட்டினேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சாப்பாட்டை மாத்தினீங்களா?" என்றார். இல்லை என்றேன். "வயித்துல லேசா புண்ணா இருக்கும், சரியாயிடும்" என்றார். கூண்டின் மேல்மூடியைப் பாதி திறந்து, கழுத்துத் தோலைப் பிடித்து ஓர் ஊசி போட்டார், மூடினார். ஸ்டெதஸ்கோப் அவர் தோளிலிருந்து இறங்கவே இல்லை. காய்ச்சல் பார்க்கவில்லை. வயிற்றில் கை வைக்கவில்லை. "எடை பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டேன். "போன தடவை பார்த்தது இருக்கு" என்று பதில் வந்தது.

ஊசிக்கு அப்புறம் வாந்தி நின்றது. இந்த இடத்தில்தான் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஏமாந்துபோவார்கள். போட்டது மாரோபிட்டன்ட் என்ற மருந்து. நல்ல மருந்துதான், அதன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது செய்வது வாந்தியைத் தூண்டும் சைகையை அடக்குவது மட்டுமே. குடலில் அடைப்பு இருந்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும், வெளியே தெரிகிற அடையாளம் மட்டும் மறைந்துவிடும். மீனு வாந்தி எடுக்கவில்லை, ஆனால் சாப்பிடவும் இல்லை, மலமும் போகவில்லை. திரும்பவும் கூட்டிப்போனேன்.

அன்று வேறு ஒரு டாக்டர் இருந்தார். முந்தையவர் எழுதியதைப் படித்துவிட்டு, அதையே தொடர்ந்தார். தோலுக்கு அடியில் சலைன், அதே ஊசி, கூடவே குடல் அசைவைக் கூட்டுகிற இன்னொரு மருந்து. அடைப்பு இல்லை என்று உறுதிசெய்யாமல் இந்தக் கடைசி மருந்தைக் கொடுக்கக் கூடாது. அடைபட்ட குடலைத் தூண்டிவிட்டால் அது கிழியும் அபாயம் கூடும். வயிற்றை அழுத்திப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

பூனையைப் பட்டினியாக விட்டுவைக்கவும் முடியாது. பல நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும், குண்டான பூனைகளுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் காத்திருக்காமல் வேறு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். ஒரு பரிசோதனை எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. டாக்டர் கூண்டின் மேல்பாதியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் அவளைத் தொடாமல் மூச்சு விடுவதை மட்டும் கவனித்தார். பிறகு எடை. பிறகு ஆசனவாயில் தெர்மாமீட்டர். பூனைக்குச் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்வரை இயல்பு என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல் ஈறை விரலால் அழுத்தி விட்டார். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டுமாம், இவளுக்குத் தாமதமானது. தோளுக்கு மேலே தோலைக் கிள்ளி விட்டார், அது உடனே இறங்காமல் மெதுவாக இறங்கியது. உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்றார். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் நெறிக்கட்டு இருக்கிறதா என்று தடவினார். அறையில் எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு இதயத்தைக் கேட்டார்.

அப்புறம் இரண்டு கைகளாலும் வயிற்றைத் தடவினார். நடுவில் ஓரிடத்தில் கை நின்றது. மீனு முனகினாள். "குடல் கொத்தாச் சேர்ந்திருக்கு" என்றவர், உடனே அவள் தலையைப் பிடித்து வாயைத் திறந்து, கீழ்த்தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் மேலே தள்ளினார். நாக்கு மேலே எழும்பியது. நாக்கின் அடியில், வேரைச் சுற்றி, மெல்லிய தையல் நூல் ஒன்று சதைக்குள் பதிந்திருந்தது. இதற்கு ஆன நேரம் சில விநாடிகள்தான்.

நூல் ஏன் இவ்வளவு ஆபத்து என்று அவர் விளக்கினார். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்கிறது, மறு முனையைக் குடல் உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது. குடல் அந்த நூலின்மேல் சுருக்குப் பை மாதிரி சுருங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு அசைவிலும் இறுகிய நூல் குடல் சுவரை அறுக்கிறது. ஓட்டை விழுந்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவும். சாதாரண நூல் எக்ஸ்ரேயில் தெரியாது, குடல் கொத்தாகக் கூடியிருப்பதும் உள்ளே காற்று விநோதமான வடிவில் நிற்பதும்தான் தெரியும். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிந்து அன்றே அறுவை சிகிச்சை. இரைப்பையையும் குடலில் சில இடங்களையும் திறந்து நூலை எடுத்தார்கள். கருத்துப்போன ஒரு துண்டுக் குடலை வெட்டி நீக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் வந்திருந்தால் அந்தத் துண்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

பிறகு முதல் கிளினிக்கில் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கினேன். அதைப் பார்த்து வந்த கோபம் இன்னும் தணியவில்லை. "வாய்: இயல்பு. வயிறு: மென்மை, வலி இல்லை. வெப்பநிலை: இயல்பு. எடை: 4.2 கிலோ." இரண்டு முறை போனதற்கும் அதே வரிகள், எழுத்துக்கூட மாறவில்லை. 4.2 கிலோ என்பது முன்பு தடுப்பூசி போட்டபோது பார்த்த எடை. இரண்டாவது மருத்துவமனையின் தராசில் அவள் 3.6 கிலோ. உடம்பில் ஏழில் ஒரு பங்கு போயிருக்கிறது, அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பில்லில் மட்டும் "முழு உடல் பரிசோதனை" என்று தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள்.

கேட்டதற்கு, "பூனை கடிக்க வந்திருக்கும், அதனால வாயைப் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார் பொறுப்பில் இருந்தவர். கடிக்கிற பூனைகள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் "பார்க்க இயலவில்லை" என்று எழுத வேண்டும், மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்க வேண்டும். பார்க்காததை "இயல்பு" என்று எழுதியது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் இரண்டாவது டாக்டரும் வாயைத் திறக்காமல் விட்டார். டாக்டர்களின் பதிவை வைத்திருக்கும் மன்றத்துக்குக் கேஸ் ஷீட், பில், அறுவை சிகிச்சை அறிக்கை எல்லாவற்றையும் இணைத்துப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

இப்போது எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், ஊசி எடுப்பதற்கு முன்பே "எடை எவ்வளவு டாக்டர், காய்ச்சல் எவ்வளவு?" என்று எண்களைக் கேட்டு, அங்கேயே போனில் குறித்துக்கொள்கிறேன். வாந்தி என்று போனால் "நாக்குக்கு அடியில பார்த்தீங்களா?" என்று நேராகவே கேட்கிறேன். நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை, கூடவே விளக்கமும் சொல்கிறார்கள். முகம் சுளிக்கிறவரிடம் என் பூனையை நான் விடமாட்டேன். கிளம்பும்போது அன்றைய கேஸ் ஷீட்டின் நகலையும் வாங்கிவிடுங்கள். என்ன எழுதினார்கள் என்பதை அன்றே படித்தால், செய்யாததைச் செய்ததாக எழுதியிருந்தால் அங்கேயே கேட்கலாம்.

இன்னொன்று, இது அவசரம். உங்கள் பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். உள்ளே இறுகியிருக்கும் நூல் குடலை அறுத்துவிடும். சாப்பாடு எதுவும் கொடுக்காமல் உடனே கூட்டிப்போங்கள். உள்ளே நுழைந்ததும் "நூல் முழுங்கியிருக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள்.