கண்ணகியா, மாதவியா: இரக்கம் எந்த வரியில் பிறக்கிறது?

திருவொற்றியூரில் இந்தத் தலைப்பில் பட்டிமன்றம் போட்டால் கண்ணகி அணி பாதி ஜெயித்த மாதிரிதான். தியாகராசர் கோயில் வட்டப்பாறை அம்மனைக் கண்ணகி என்றே கும்பிடுகிற ஊர் அது. ஆனால் கண்ணகி அங்கே வந்தாள் என்ற கதை சிலப்பதிகாரத்தில் கிடையாது. நூலில், மதுரையை விட்டவள் மேற்கே சேர நாட்டு மலைக்குப் போகிறாள். நடுவர் விவரமானவராக இருந்தால் அம்மன் கதையைச் சான்றாக ஏற்கமாட்டார்.

இருவரும் 12 வயதில்தான் நமக்கு அறிமுகமாகிறார்கள். கண்ணகிக்குக் கோவலனோடு கல்யாணம். ஆடல் மகள் மாதவிக்கு அரங்கேற்றமும், 1008 கழஞ்சு (பழைய எடை அளவு) பொன் விலை வைத்த மாலையும்.

கண்ணகி பக்கம் பேசுபவர்கள் செய்கிற பெரிய தப்பு, நேரே 20ஆம் காதைக்கு (காதை என்றால் நூலின் அத்தியாயம்) தாவி, பாண்டியனிடம் அவள் சொல்லும் 'தேரா மன்னா' (ஆராயாத அரசனே) என்று முழங்குவது. அதுவரை ஊமையாக இருந்தவள் திடீரென்று வெடித்ததுபோல ஆகிவிடும். 9ஆம் காதையிலேயே தோழி தேவந்தி, 'குண்டத்தில் நீராடிக் காமன் கோட்டம் தொழுதால் கணவன் திரும்புவான்' என்கிறாள். 'பீடன்று' (பெருமையல்ல) என ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. 16ஆம் காதையில் ஆயர் வீட்டில் குருத்து வாழையிலை விரித்துச் சோறு போட்ட பிறகு, கணவன் முகத்துக்கு நேரே 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' (பெரியோர் மதிக்காத நடத்தையைச் செய்தீர்) என்கிறாள். குரல் உயரவில்லை, 'ஈர்' விகுதியின் மரியாதையும் குறையவில்லை, குற்றச்சாட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. அரசவைக்கு ஒத்திகை இங்கேதான்.

அதற்குப் பிறகு இரக்கம் மெல்லக் கைநழுவுகிறது. மதுரையை எரிக்க மார்பைத் திருகி எறியும்போது படிப்பவர் இரண்டடி பின்வாங்குவார். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கு அவள் இடும் கட்டளையைச் சேர்த்துச் சொன்னால் கொஞ்சம் மீட்கலாம்.

மாதவி கதை வேறு. கடற்கரையில் இருவரும் பாடும் கானல்வரியில் கோவலன் அவளை 'மாயப் பொய் பல கூட்டும் மாயத்தாள்' என்று எண்ணிப் பிரிகிறான். வாசகரும் அந்தக் கோபத்தோடுதான் இருப்பார். அவள் எழுதும் கடிதங்கள் இரண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. வேனிற்காதையில் தாழை மடலில் பிச்சி அரும்பால் எழுதியது காதல் ஏக்கம். அதை அவன் வாங்கவே இல்லை, 'ஆடல் மகள்தானே' என்று தள்ளிவிடுகிறான். 13ஆம் காதையில் தூதன் கோசிகன் கொண்டுவருவது வேறு ரகம். முதலில் ஓலையின் மண் இலச்சினையில் (முத்திரையில்) அவள் கூந்தல் நெய் வாசம் வருகிறது, கோவலனுக்குக் கைவிட மனமில்லை. உள்ளே 'திரும்பி வா' என்ற பேச்சே இல்லை. பெற்றோருக்குப் பணிவிடை செய்யாமல், குலமகளோடு இரவில் புறப்படும் அளவுக்கு நான் செய்த பிழை தெரியவில்லையே என்று கலங்குகிறாள், அவ்வளவுதான். அவன் 'தன் தீது இலள்' (அவள்மேல் குற்றமில்லை) என்கிறான். அதே ஓலை தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று அவர்களுக்கே அனுப்பிவைக்கிறான்! காதலி எழுதிய கடிதத்தை அம்மா அப்பாவுக்கு அனுப்ப முடிகிறதென்றால் அவள் எவ்வளவு மாறியிருக்க வேண்டும்!

மாற்றத்தின் வீச்சு என்றால் கண்ணகிக்கே என் ஓட்டு. இரக்கத்தைச் சம்பாதித்தது யார் என்று கேட்டால் மாதவி. கண்ணகி தொடக்கம் முதலே நிரபராதி, அவளுக்கு இரக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. மாதவி வெறுப்பில் தொடங்கி, பழித்தவன் வாயாலேயே தீர்ப்பை மாற்ற வைக்கிறாள். பிறகு நீர்ப்படைக் காதையில், மகள் கணிகையர் கோலம் காணக் கூடாதென்று சொல்லிப் பூவையும் கூந்தலையும் களைகிறாள்.

மகளை அவள் 'மாபெரும் பத்தினி மகள்', அதாவது கண்ணகியின் மகள், என்று சொல்லும் இடம் கைதட்டல் வாங்கும். ஆனால் அது மணிமேகலைக் காப்பியத்தில் வருவது. நூல் பெயரைச் சொல்லிவிட்டு எடுத்தால் எதிரணி மடக்காது.