துணி டயப்பருடன் 26 மாதங்கள்: சிறுவாணித் தண்ணீரும் போர் தண்ணீரும்

சென்ற வாரம் என் மகளின் பன்னிரண்டு துணி டயப்பர்களையும் எங்கள் தெருத் தையல்காரரிடம் கொடுத்து, தொய்ந்துபோன கால் எலாஸ்டிக்கை மாற்றி வாங்கினேன். ஒன்றுக்கு 25 ரூபாய் ஆயிற்று. மகள் இப்போது டயப்பரை விட்டுவிட்டாள். இருந்தாலும் துணி இன்னும் உறுதியாக இருப்பதால், இன்னொரு குழந்தைக்குப் பயன்படட்டும் என்று நினைத்தேன். அதே நாளில், ஏழு மாதக் கர்ப்பிணியான என் அலுவலகத் தோழி ஒரு கேள்வி கேட்டாள். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தைகளுக்கான டயப்பர் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்ட நிலையில், துணி டயப்பர் வாங்குவது இன்னும் லாபம்தானா என்பது அவள் கேள்வி.

விலையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வரிக் குறைப்பு முழுவதும் நம் கைக்கு வந்தாலும், 10 ரூபாய் டயப்பர் ஏறத்தாழ 9 ரூபாய் 40 காசுக்கு வரும், அவ்வளவுதான். பகலில் மட்டும் நாளொன்றுக்கு ஐந்து முறை என்ற கணக்கில், 26 மாதங்களில் நான் ஏறக்குறைய 3,950 முறை துணி டயப்பர் மாற்றியிருக்கிறேன். டயப்பர்களுக்கு 5,400 ரூபாய், பிறகு கூடுதலாக வாங்கிய இன்சர்ட்டுகளுக்கு (டயப்பருக்குள் வைக்கும் உறிஞ்சு துணி) 1,200, எலாஸ்டிக்குக்கு 300, சலவைத்தூளுக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சுமார் 6,000 என எல்லாவற்றையும் கழித்தாலும், பழைய விலையில் 26,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். புதிய விலையில் பார்த்தால் அதில் இரண்டாயிரத்துச் சொச்சம் குறையும். இரவிலும் பயணத்திலும் கடை டயப்பரையே பயன்படுத்தினேன், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு மிச்சமான பிறகும் தோழியிடம் "வாங்கு" என்று என்னால் உடனே சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் தண்ணீர்.

பிரசவத்துக்குக் கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் இருந்தேன். முதல் மாதம் முழுக்க அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்த முக்கோணத் துணிதான்; அதன் பிறகு இந்த டயப்பர்களுக்கு மாறினோம். அந்த வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர். சிறிதளவு சலவைத்தூளிலேயே நுரை பொங்கிவிடும். இரண்டு முறை அலசிவிட்டு மாடிக் கொடியில் போட்டால் மாலைக்குள் இன்சர்ட் காய்ந்து, கையில் எடுக்கும்போது தொட்டில் துணியைப் போல மென்மையாக இருக்கும். வாடை என்ற ஒன்றை நாங்கள் அங்கே அறியவே இல்லை. இவ்வளவு எளிமையான ஒன்றை ஏன் எல்லாரும் பயன்படுத்துவதில்லை என்று அம்மாவிடம் பலமுறை வியந்து பேசியிருக்கிறேன். அந்த ஐந்து மாத மகிழ்ச்சியில் சிறு குறையும் இல்லை.

2024 பிப்ரவரியில் சென்னையின் தென்புறப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். இங்கே போர் தண்ணீர்தான். இரண்டு மாதங்களுக்குள் இன்சர்ட்டுகள் அப்பளம் போல விறைத்தன. முன்பு இரண்டரை மணி நேரம் தாங்கியவை ஒரு மணி நேரத்திலேயே தொடையோரம் கசிந்தன. காய்ந்திருக்கும்போது எந்த வாடையும் இல்லாத துணி, குழந்தை ஒருமுறை சிறுநீர் கழித்தவுடன் கண்ணைக் கரிக்கும் அளவுக்கு அமோனியா வாடை வீசியது. மகளின் தொடை இடுக்கு சிவந்தது. நான் சரியாகத் துவைக்கவில்லையோ என்ற குற்ற உணர்ச்சியில் சலவைத்தூளைக் கூட்டினேன், அலசுவதை மூன்று முறையாக்கினேன், புதிதாக எட்டு இன்சர்ட்டுகளும் வாங்கினேன். அவையும் ஆறே வாரங்களில் அதே நிலைக்கு வந்தன.

தயாரிப்பாளரின் உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டபோது, சலவைத்தூளை அதிகமாகப் போட்டிருப்பீர்கள் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. டயப்பருடன் வந்த பராமரிப்பு அட்டையை மீண்டும் எடுத்துப் படித்தேன். துணியை மென்மையாக்கும் திரவத்தைப் பயன்படுத்தக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது என்றெல்லாம் சரியாகவே எழுதியிருந்த அந்த அட்டையில், உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் குடும்பங்கள் இத்தனை இருக்கும் ஊரில் ஒரு பொருளை விற்பவர்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் இது ஒன்றுதான்.

ஜூலையில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சலவைப் பொருளின் வலுவைத் தின்றுவிடுவதால், எவ்வளவு தூள் போட்டாலும் சிறுநீரின் எச்சம் முழுமையாக வெளியேறுவதில்லை. போதாக்குறைக்கு, சுண்ணாம்புப் படிவு இழைகளுக்கிடையே ஏறி, துணி உறிஞ்சுவதையும் தடுக்கிறது. தங்கிப்போன எச்சத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைக்கும்போது எழுவதுதான் அந்த அமோனியா.

காரணம் புரிந்த பிறகு வழியும் கிடைத்தது. ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து (சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடா அல்ல), தண்ணீர் சற்று வெண்மையாகக் கலங்கிய பிறகு, அதில் சலவைத்தூள் சேர்த்துத் துவைக்கத் தொடங்கினேன். வாடை பாதியாகக் குறைந்தது. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. அந்த அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது, மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயின் கீழே இரண்டு டிரம்களை வைத்தேன். மழைநீரில் அலசிய முதல் நாளே விறைப்பு தளர்ந்தது. நான்கைந்து துவையலுக்குப் பின் இன்சர்ட்டுகள் கோயம்புத்தூரில் இருந்த மென்மைக்குக் கிட்டத்தட்டத் திரும்பின. துணி காய இரண்டு நாட்கள் ஆகிறதே என்று நான் அஞ்சிய மழைக்காலம்தான், அந்த ஆண்டில் டயப்பர்கள் மிக நன்றாக உழைத்த காலம். அறைக்குள் மின்விசிறியின் கீழ் கொடி கட்டிக் காயவைத்ததெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஜனவரியில் டிரம்கள் காலியானதும், மூன்று முறை அலசும் பழைய பாடு திரும்பியது.

அந்த மூன்று அலசல்கள்தான் என்னை இன்னமும் உறுத்துகின்றன, ஏனென்றால் நான் துணிக்கு மாறியது பணத்துக்காக மட்டுமல்ல. எங்கள் குடியிருப்பில் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களை நாள்தோறும் பார்க்கிறேன். பயன்படுத்திய டயப்பரைத் தனியே பொதிந்துதான் போட வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னாலும், பலர் அப்படியே வீசுகிறார்கள். அந்தக் குவியலில் என் பங்கு நாலாயிரம் குறைந்ததில் எனக்கு உண்மையான நிறைவு உண்டு. ஆனால் துணி என்பதாலேயே அது இயற்கைக்கு இசைந்ததாகிவிடாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுகளுக்கான கரியமில உமிழ்வு கடை டயப்பருக்கு 550 கிலோவாகவும் துணிக்கு 570 கிலோவாகவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சலவை இயந்திரம் நிறையத் துணி போட்டு, வெயிலில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் வரை இறங்கும் என்றும், உலர்த்தும் இயந்திரத்தையே நம்பினால் ஏறிவிடும் என்றும் அந்த ஆய்வு காட்டியது. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குப் பஞ்சமுள்ள கோடையில் ஒவ்வொரு துவையலுக்கும் இரண்டு வாளி கூடுதலாகக் கொட்டியபோதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எலாஸ்டிக் தொய்ந்ததில் என் தவறும் உண்டு. ஈர டயப்பரை எலாஸ்டிக் பகுதியிலேயே கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். அதன் எடையும் உச்சி வெயிலும் சேர்ந்து அதை இழுத்துவிட்டன. குறுக்கே மடித்துக் கொடியில் போட்டிருந்தால் இன்னும் பல மாதங்கள் தாங்கியிருக்கும். பட்டன்களில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை, மேலுறையின் பூச்சும் உரியவில்லை. தையலையும் துணியையும் நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

தோழியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஒரு பாட்டிலில் அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சலவைத்தூளைப் போடாமல் பார் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பார்க்கச் சொன்னேன். நுரை எழாமல் தயிர் திரிந்தது போல மிதந்ததாகச் சொன்னாள். வாங்க வேண்டாம், வேட்டித் துணியும் கடை டயப்பருமாகச் சமாளித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். 26,000 ரூபாயைச் சொன்ன வாயால் இதையும் சொல்கிறாயே என்று அவள் கேட்டாள்; அந்த வாடையோடு போராடிய கோடை மாதங்கள் நினைவில் இருக்கும்வரை என்னால் வேறு மாதிரி சொல்ல முடியாது.

எலாஸ்டிக் மாற்றிய பன்னிரண்டும் கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்குப் போகின்றன. பொதியில் வைக்க ஓர் அட்டை எழுதியிருக்கிறேன். சிறுவாணித் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரில் துவைக்க நேர்ந்தால், வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா என்பது அதன் முதல் வரி.