ஈபிர்ப் பீக்கன்: கருவியோடு கூட்டையும் பார்த்து வாங்குங்கள்

கப்பல் மூழ்கும்போது எடுத்து இயக்க ஆளே இல்லாவிட்டாலும், தானே மிதந்து மேலே வந்து 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிடும் அவசர சிக்னல் கருவிதான் (பீக்கன்) ஈபிர்ப். அதை வைத்து மாட்டும் பெட்டிதான் கூடு. பீக்கனின் குரலைக் கேட்பது கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் மீட்பு அமைப்பு. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கும் பனிப்போர்க் காலத்திலேயே, 1979இல், சேர்ந்து தொடங்கியது. ஆபத்தில் இருப்பவரிடம் இதற்குக் கட்டணம் இல்லை.

பீக்கன் நம்பகமானது. ஏறக்குறைய 50 விநாடிக்கு ஒருமுறை சிக்னல் விடும்; பேட்டரி 48 மணி நேரமாவது தாங்கவேண்டும். ஜி.பி.எஸ். இல்லாத பழைய மாடல்களில் சிக்னலின் அலைவெண் மாறுவதை வைத்துப் போடும் டாப்ளர் கணக்கு சில கிலோமீட்டர் வட்டத்தைத்தான் காட்டும். சோலாஸ் என்ற பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்களில் 2022 ஜூலை 1 முதல் பொருத்துபவற்றுக்கு ஜி.பி.எஸ். போன்ற இடங்காட்டியும் பக்கத்துக் கப்பல்களுக்கு இடத்தைச் சொல்லும் ஏ.ஐ.எஸ். சிக்னலும் கட்டாயம். சிறு படகுக்கும் அதையே வாங்கலாம்: பக்கத்துக் கப்பலின் திரையிலேயே உங்கள் இடம் தெரியும், முதலில் வந்து சேரக்கூடியவரும் அவர்தானே.

கோளாறு பெரும்பாலும் கூட்டில்தான். தானியங்கிக் கூட்டில் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்ற சிறு உறுப்பு உண்டு. 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் ஏறியதும் உள்ளே உள்ள கத்தி பிளாஸ்டிக் போல்ட்டை வெட்டும், ஸ்பிரிங் மூடியைத் தள்ளும். வழக்கமாக 2 ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றவேண்டும். காலாவதி மாதம் அதன்மேலேயே இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது இதன்மேலும் ஒரு பூச்சு இழுத்துவிட்டால் வேலை செய்யும் என்று நம்பமுடியாது. தலைக்குமேல் கூரையோ வலையோ உள்ள இடத்தில் மாட்டினால், விடுபட்ட பீக்கன் அங்கேயே சிக்கிக் கப்பலோடு போகும். கையால் எடுக்கும் கூடு விலை குறைவு. கப்பல் சட்டென்று கவிழ்ந்தால் அதனால் பயனில்லை, அதை முதன்மைக் கருவியாக வைக்காதீர்கள்.

பீக்கனைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடவே கூடாது. 15 எழுத்து அடையாள எண்ணோடு கரையில் உள்ளவரின் தொலைபேசி எண் இருந்தால்தான் மீட்பு மையம் உடனே விசாரிக்க முடியும். கப்பல் கைமாறிய பிறகும் பழைய முதலாளியின் எண் நின்றால், நேரம் அங்கேதான் வீணாகும். கொடி நாடு, அதாவது கப்பல் பதிவான நாடு, மாறினால் பீக்கனுக்குள் இருக்கும் நாட்டுக் குறியீட்டையும் மாற்றிப் பதியவேண்டும்.

மாதந்தோறும் செல்ஃப்-டெஸ்ட் செய்யுங்கள். கையேட்டில் சொன்ன நேரத்துக்குமேல் பொத்தானை அழுத்தாதீர்கள். தவறி இயங்கிவிட்டால் அணைத்துவிட்டு உடனே மீட்பு மையத்துக்குச் சொல்லுங்கள். பீக்கனில் உள்ள கயிறு உயிர்காப்பு மிதவையில் கட்டுவதற்கு. கப்பலின் கம்பியில் கட்டிவைத்தால் பீக்கன் மேலே வராது.