முதல் வெட்டுப்பலகை: பால்மரமா, புளியங்கட்டையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மரவேலை பழகத் தொடங்கியவுடன் நான் தேர்ந்தெடுத்தது வெட்டுப்பலகை. கால் கிடையாது, இழுப்பறை கிடையாது, எளிதாக முடிந்துவிடும் என்ற நினைப்பு. அரிவாள்மணை முன் உட்கார்ந்தே ஊருக்குச் சமைத்த பாட்டி இருந்திருந்தால், பலகை எதற்கு என்று கேட்டிருப்பார். என்னைக் குழப்பியது வேறு கேள்வி: எந்தக் கட்டையில் செய்வது?

பால்மரத்திலிருந்தே, அதாவது ரப்பர் மரத்திலிருந்தே, தொடங்குகிறேன். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் வழிவந்தவற்றைச் சீவித்தான் எங்கள் ஊர் சோறு உண்டது. பால் வற்றி, 25, 30 வயதில் சாய்க்கப்படும் மரம் முன்பெல்லாம் விறகு. “அடுப்பு எரித்த கட்டையிலா தம்பி வெங்காயம் நறுக்கப் போகிறாய்?” என்று கேட்டார், எங்கள் வரிசையில் குடியிருக்கும் முன்னாள் மரம்வெட்டுப் பெரியவர்.

அவர் சிரித்ததில் பாதி நியாயம் இருந்தது. மறுநடவுக்குச் சாய்த்த மரத்தில் ஒரு துண்டை இலவசமாக வாங்கி, அறுத்து, சமையற்கட்டின் பின்புறம் அடுக்கினேன். ஒரே வாரத்தில் நீலக்கறுப்புத் திட்டுகள். மூன்றாம் மாதம் பலகையின் அடியில் முகப்பவுடர் போல் ஒரு சிறு குவியல். மேலே குண்டூசி நுழையும் அளவில் துளைகள். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். ஈரமாக இருக்கும்போது பூஞ்சணம் பிடிக்கிறது, காய்ந்தபின் பொடிவண்டு வருகிறது. தொழிற்சாலைகள் போரான் கரைசல் ஏற்றிச் சூளையில் உலர்த்துவது இதனால்தான். ஆகவே தோட்டத்துக் கட்டை வேண்டாம். சூளையில் உலர்ந்த பலகையை, உணவு வைக்கும் பொருள் செய்ய என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அது இழைப்புளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும், பசையும் நன்றாகப் பிடிக்கும்.

புளியங்கட்டை வேறு குணம். ஆட்டிறைச்சிக் கடையில் வருடக்கணக்கில் கத்தி விழுந்து நடுவில் குழிந்த வட்டக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பால்மரம் கனமீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ என்றால், புளி 850-ஐ ஒட்டி நிற்கும். ஒரு கடைக்காரர் கழித்துப்போட்ட கட்டையில் ஒரு துண்டை இழைத்துப் பார்த்தேன். நான்கு விரல் தூரம் கண்ணாடியாகப் போனது; அடுத்த நான்கு விரலில் இழை எதிர்த்துச் செதில் செதிலாகப் பெயர்ந்தது. ஒரு முகம் முடிவதற்குள் மூன்று முறை இழைப்புளியின் தகட்டைத் தீட்டினேன். வைரம் பாய்ந்த கட்டை என்று சும்மா சொல்லவில்லை.

கிடைப்பதும் அரிது. மர ஆலையில் கேட்டால் கையை விரிப்பார்கள். நிற்கும் மரத்தைச் சாய்க்கலாம் என்றால், அதில் முனி இருக்கிறார் என்று கோடரி தூக்க ஆள் வருவதில்லை. காற்றில் விழுந்த கிளைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

மெர்பாவ் என்ற மரம் பற்றி இரண்டு வரி போதும். மாடிப்படி செய்த மிச்சம் மலிவாகக் கிடைக்கிறது, கடினமும் உண்டு. ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் செம்பழுப்புச் சாயம் இறங்குகிறது. தயிர்ச்சோற்று வெள்ளரிக்காய் நறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஒட்டும் முறை. பட்டைகளைப் பக்கம் பக்கமாக, இழை நீளவாக்கில் படுக்கும்படி ஒட்டலாம். அல்லது இழைமுனைகள் மேலே பார்க்கும்படி சிறு கட்டங்களாக நிறுத்தி ஒட்டலாம். இரண்டாவதில் கத்தி இழைகளுக்கிடையே இறங்கி வெளிவரும். கத்தியின் கூர் மழுங்குவது குறைவு, வடுவும் மூடிக்கொள்ளும். சதுரங்கப் பலகை போன்ற அந்த அழகில் மயங்காதவர் இல்லை. ஆனால் உப்புத்தாள் தேய்க்கிற கைக்குத்தான் தெரியும் அதன் விலை. இழைமுனை தண்ணீரையும் எண்ணெயையும் குடித்துக்கொண்டே இருக்கும். மின் இழைப்பு இயந்திரத்தில் விட்டால் ஓரம் பெயர்ந்து தெறிக்கும் ஆபத்தும் உண்டு. முதல் பலகைக்கு நீளவாக்கு முறையும் நீர் தாங்கும் பசையும் போதும். வளையாமலிருக்க முனையில் குறுக்குச் சட்டம் அடித்துவிடாதீர்கள்: மழைக்காலத்தில் பலகை அகலத்தில் உப்பும், சட்டம் விடாது, நடுவில் விரிசல் விழும்.

எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் தடவினேன், நாளடைவில் சிக்கு வாடை. மருந்தகத்தில் கிடைக்கும் வெள்ளைப் பாரபின் எண்ணெய் கெடுவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் காய் நறுக்குவது பால்மரப் பலகையில்தான். பெரியவர் ஒருநாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்தார். காற்றில் விழுந்த புளியங்கிளையில் அறுத்த துண்டு ஒன்று, இரு முனைகளிலும் சாயம் பூசி, மாடிப்படியின் கீழ் கிடக்கிறது. மாதாமாதம் தராசில் வைக்கிறேன். போன மாதம் 80 கிராம் குறைந்தது, இந்த மாதம் 30. ஈரம் காய்ந்து எடை இறங்குவது நிற்கும்வரை இழைப்புளியை அதன் பக்கம் கொண்டுபோவதாக இல்லை.