பழ ஈப் பொறி: இரண்டு பருவம் கட்டிப் பார்த்த பிறகு

நல்ல பொருள்தான். ஆனால் ஒருவர் தனியாக வாங்கித் தன் தோட்டத்தில் மட்டும் கட்டினால், கொடுத்த காசில் பாதிக்குத்தான் பயன். வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இது என்பதால் முன்னுக்கே சொல்லிவிடுகிறேன்.

முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரையில் எனக்கு ஒரு ஏக்கர் மாந்தோட்டம் இருக்கிறது. மீளக் குடியேறி வந்த பிறகு, 2012 மாரியில் 48 ஒட்டுமாங்கன்றுகள் நட்டோம், 41 தப்பின. பெரும்பாலானவை கறுத்தக்கொழும்பான். வேலியோரம் எட்டு வில்லாட், கிணற்றடியில் மூன்று அம்பலவி. வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்கு ஒவ்வொரு வாளியாகச் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். அதனால்தான் பழத்துக்குள் புழுவைக் கண்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த உறவினர்களுக்கென்று வைக்கோலில் பழுக்க வைத்திருந்த பழங்களை எடுத்து அறுத்தேன். தோலில் ஒரு குறையும் இல்லை. காம்புக்குப் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். கத்தி இறங்கியதும் சதை கூழாக வழிந்தது. வெள்ளைப் புழு ஒன்று தலையையும் வாலையும் வளைத்துச் சேர்த்து, யாரோ விரலால் சுண்டிவிட்டதுபோலத் துள்ளி மச்சாளின் மடியில் விழுந்தது. அன்று அறுத்த பத்துப் பழங்களில் நான்கு அப்படி. வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

இது பழ ஈயின் வேலை. பெண் ஈ முற்றிவரும் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை இடுகிறது. புழு சதைக்குள்ளேயே வளர்கிறது. பழம் விழுந்ததும் அல்லது அழுகியதும் வெளியே துள்ளி மண்ணுக்குள் புகுந்து கூடாகிறது. பத்து நாள் போல் கழித்து மறுபடி ஈயாக வருகிறது. தோலில் மட்டும் படும் மருந்தை அடித்தால் உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. முன்பு டைமெத்தோயேற், பென்தியன் போன்ற மருந்துகளை மரம் நனைய அடித்தார்கள். அவை சதைக்குள்ளும் ஊடுருவும். அந்தப் பழத்தைத்தான் பிள்ளைகள் தின்றார்கள். அவ்விரண்டையும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக அரசாங்கம் நாட்டிலிருந்து அகற்றியது. முக்கிய காரணம் பழம் அல்ல, மனிதர்கள். போத்தலைத் திறந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தடையை எதிர்த்து யாராவது என்னிடம் பேசினால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே பொறி.

முதல் தடவை ஏமாந்தேன். பட்டணத்துக் கடை ஒன்றில், பெயரும் இல்லாமல் திகதியும் இல்லாமல் பொறிக்குள் தொங்கவிடும் பஞ்சுக்கட்டைகளை வெறும் பொலித்தீன் உறையில் போட்டுத் தந்தார்கள். "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், அம்மா" என்றார் கடைக்காரர். பற்றுச்சீட்டு கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டதாம். முதல் வாரம் சில ஈக்கள் விழுந்தன. இரண்டாம் வாரம் மணமே இல்லை. அதைக் கொண்டுபோய் எங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, "இதன் லேபல் எங்கே?" என்பதுதான்.

அவர் விளக்கியபின்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டையில் ஈயை இழுக்கும் வாசனைப் பொருளோடு ஈயைக் கொல்லும் மருந்தும் ஊறியிருக்கிறது. ஆகவே அது ஒரு பீடைகொல்லி. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவாளரிடம் பதிவு செய்யாத பீடைகொல்லியை விற்கவே கூடாது. லேபலில் தமிழும் இருக்க வேண்டும். நாங்கள் பஞ்சுக்கட்டைதானே என்று கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். அதே பையில் பாணும் வருகிறது. இந்தச் சட்டம் எங்களைத் தொந்தரவு செய்ய எழுதியது அல்ல என்பதை அன்று உணர்ந்தேன். பதிவு இலக்கம் இல்லாத கட்டையைத் தொடாதீர்கள். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

இரண்டாவதாக வாங்கியதுதான் இப்போது மரத்தில் இருப்பது. கையளவு பிளாஸ்ரிக் போத்தல், மஞ்சள் மூடி, பக்கவாட்டில் நான்கு துளைகள், நடுவில் கட்டையைத் தொங்கவிட ஒரு கொளுக்கி. நான் வாங்கியபோது போத்தல் கட்டையோடு 650 ரூபாய். மாற்றுக்கட்டை மட்டும் 300. ஏக்கருக்குப் பத்து வாங்கினேன். ஆறு வாரத்துக்கு ஒரு முறை கட்டையை மாற்றச் சொல்லி லேபலில் இருக்கிறது. அது சரிதான்; ஐந்து வாரம் தாண்டியதும் விழும் ஈக்கள் குறைவதை நானே பார்த்தேன்.

உறையைத் திறந்ததும் துளசியும் கராம்பும் சேர்ந்த மணம் வருகிறது. அந்தப் பொருளின் பெயர் மீதைல் இயூஜினோல். அது துளசியிலும் இயற்கையாகவே இருக்கிறது. இதன் கதை நூறு வருடத்துக்கு மேற்பட்டது. இந்தியாவில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹவ்லற் என்ற பூச்சியியல் அறிஞர், நுளம்புக்குப் பூசும் புல்லெண்ணெயை நாடி ஆண் பழ ஈக்கள் கூட்டமாக வருவதைக் கவனித்து 1912இல் எழுதினார். அதன் வழியே தேடிப் போய்த்தான் இந்தப் பொருளைப் பிடித்தார்கள். எங்கள் முற்றத்துத் துளசி மாடத்தில் விளக்கு வைக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இது ஞாபகம் வருகிறது.

கட்டிய மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு போத்தலைக் கழற்றிச் சுளகில் கொட்டினேன். உள்ளே ஒரு தேத்தண்ணீர்க் குவளை நிறைய ஈக்கள். வீட்டு ஈயை விடச் சற்று மெல்லிய உடல். முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள். கண்ணாடிபோன்ற இறகின் ஓரத்தில் ஒரு கரும்பட்டி. சில இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன. கோழி ஓடி வந்தது. விரட்டிவிட்டேன், மருந்து பட்ட ஈக்கள். இவற்றை எரிக்கவும் கூடாது, கோழிக்குப் போடவும் கூடாது, குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

குறைகள் சொல்ல வேண்டும். போத்தலோடு தரும் நூல் எங்கள் குரங்குகளுக்கு ஒரு பொருட்டே அல்ல. முதல் கிழமையிலேயே இரண்டு போத்தல்களை அறுத்து வேலிக்கு வெளியே எறிந்துவிட்டன. இப்போது கட்டுக்கம்பியால் கட்டுகிறேன். அதிலும் முசுறு ஏறி உள்ளே விழுந்த ஈக்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. எத்தனை விழுந்தது என்ற கணக்குத் தெரியாமல் போகிறது என்பதால் கம்பியில் விரலளவு கிறீஸ் பூசினேன், முசுறு நின்றது. ஆனி ஆடியில் சோளகம் வீசத் தொடங்கினால் வெளிக்கிளையில் கட்டிய போத்தல் ஆடி ஆடி மூடி கழன்றுவிடுகிறது. மரத்தின் உட்புறம், நிழலில், நிற்கிறவரின் தலைக்குச் சற்று மேலே கட்டுங்கள். செய்கிறவர்கள் மூடிக்குப் புரி வைத்துத் தந்தால் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன்.

ஆனால் பெரிய விடயம் இவற்றில் ஒன்றும் அல்ல. இந்த மணத்துக்கு வருவது ஆண் ஈ மட்டும். முட்டை இடும் பெண் ஈ பொறிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆண்களை ஏறக்குறைய முழுவதும் அழித்தால்தான் பெண்கள் கருவுறாத முட்டை இடும். தப்பிய சில ஆண்கள் பல பெண்களோடு சேர்ந்துவிடும். அதிலும் முட்டையோடு இருக்கும் பெண் ஈ வேலி தாண்டி வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பசிபிக்கில் ரோட்டா என்ற சிறு தீவில் 1960களில் இதே மணத்தையும் மருந்தையும் ஊறவைத்த தட்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுவதும் போட்டு இந்த இன ஈயையே இல்லாமல் செய்தார்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளிலும் அப்படியே வருடக்கணக்காகச் செய்து 1986இல் முடித்தார்கள். தீவு முழுவதும் என்பதைக் கவனியுங்கள். ஒரு தீவில் ஒரு வீட்டில் பத்துப் போத்தல் கட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

என் முதல் பருவத்தில் அதுதான் நடந்தது. போத்தல்கள் நிறைந்தன, பழத்தில் புழு கொஞ்சம்தான் குறைந்தது. காரணம் தேடியபோது கிழக்கு வேலிக்கு அப்பால் இருந்தது: ஆள் இல்லாத வளவு, இரண்டு ஏக்கர், பராமரிக்காத கொய்யா மரங்கள். அதன் கீழே விழுந்த பழங்கள் விரிப்புப்போலக் கிடந்தன. ஒன்றைக் காலால் புரட்டினேன். அடியில் மண்ணே அசைந்தது.

வன்னியில் இப்படி எத்தனை வளவுகள் இருக்கின்றன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். உரிமையாளர் வெளிநாட்டில், வேலியும் மரமும் இங்கே. தாவரப் பாதுகாப்புக்கு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பீடை நாட்டுக்குள் வருவதையும் உள்ளே பரவுவதையும் தடுப்பதற்கே அது எழுதப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கொய்யா மரத்தடியில் யார் குனிந்து பொறுக்குவது?

நான் அந்த வளவுக்காரத் தம்பியின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தேன். அவர் அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரில் இருக்கிறார். மனவருத்தம் வரும் என்று பயந்துகொண்டேதான் பேசினேன். "பழ ஈயா, அக்கா?" என்று கேட்டவர் அதன்பிறகு என்னைப் பேசவே விடவில்லை. அவர்களுடைய மாநிலத்தில் ஓர் இடத்தில் பழ ஈ பெருகியது என்று அறிவித்தால், அந்த இடத்திலிருந்து நாலாபக்கமும் ஒன்றரைக் கிலோமீற்றரைச் சிவப்பு வலயம் ஆக்கிவிடுகிறார்களாம். அந்த வலயத்தில் வீட்டு மரத்துப் பழத்தைச் சமைக்காமல் வளவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. விழுந்த பழத்தைக் கிடக்கவிடக் கூடாது. குவீன்ஸ்லாந்து இன ஈ என்றால் அதைச் சுற்றிப் பதினைந்து கிலோமீற்றருக்கு மஞ்சள் வலயம். வேறு மாநிலத்திலிருந்து காரில் வந்தால் எல்லையில் பழத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மறைத்தால் தண்டம். "என் வீட்டு எலுமிச்சையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடியாமல் ஒரு பருவம் இருந்தேன், அக்கா. என் காணியில் நீங்கள் எது வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்றார். அடுத்த நாள் கூலிக்காரர் இருவருக்குக் காசும் அனுப்பிவிட்டார்.

கறுப்புப் பொலித்தீன் பைகளில் பழங்களை அள்ளி வாயை இறுக்கிக் கட்டி, இரண்டு கிழமை வெயிலில் போட்டோம். மிச்சத்தை முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி வெட்டிப் புதைத்தோம். வேலியின் இரு பக்கமும் பொறி கட்டினோம். என் பக்கத்தில், காய் முற்றத் தொடங்கும் முன்பே, கை எட்டும் காய்களுக்குப் பழைய பத்திரிகைத் தாளில் பை செய்து கட்டினேன். பேத்திகள் இருவரும் மாவுப்பசை தடவி ஒட்டினார்கள். அந்தப் பருவத்தில் பை கட்டிய காய்களில் ஒன்றில்கூடப் புழு இல்லை. பை கட்டாதவற்றில் பத்துக்கு ஒன்று. பொறி கட்டுமுன் பத்துக்கு நான்கு என்று சொன்னேன் அல்லவா?

பிரான்சில் இருக்கும் மருமகள் அந்தப் பழங்களில் சிலவற்றைப் பெட்டியில் கொண்டுபோக ஆசைப்பட்டாள். விட முடியவில்லை. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சான்றிதழ் இல்லாமல் பயணி கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம். அந்த ஐந்தில் மாம்பழம் இல்லாததற்கு இந்த ஈ போன்ற பூச்சிகள்தான் காரணம். அவள் அழுதுவிட்டாள். பழத்தை வெயிலில் காயவைத்து வற்றலாக்கிக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் காலபோகக் கூட்டம் நடக்கும்போது முதல் தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், மாடுகளை எந்த நாளிலிருந்து கட்ட வேண்டும் என்று எல்லோரும் கை உயர்த்தித் தீர்மானிக்கிறோம். கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கினால் தண்டம் கட்டுகிறவர்கள், அதை அநியாயம் என்று சொல்வதில்லை. பழ ஈயும் கட்டாக்காலிதான். சென்ற கூட்டத்தில் நான் எழுந்து நின்று இரண்டு விடயங்கள் கேட்டேன்: மாமரம் பூத்துப் பிஞ்சு விடும் பங்குனிக்குள் வலதுகரையில் பழமரம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கிழமையில் பொறி கட்ட வேண்டும், விழுந்த பழத்தை இரண்டு நாளுக்கு மேல் கிடக்கவிடக் கூடாது. கமக்காரர் அமைப்புத் தலைவர் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். பதினேழு வீடுகள் பெயர் தந்திருக்கின்றன. மொத்தமாக வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். லேபல் இருக்கும் கடைக்காரர்.

கம்பியும் கிறீஸும் என் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கின்றன. வலதுகரைக்காரர் யாராவது இதை வாசித்தால் பங்குனி முதல் கிழமைக்குள் பெயரைத் தாருங்கள்.